நோயை நடித்தலும் நோயுடன் நடித்தலும்: தமிழ் நடிப்பாய்வில் ஒரு விடுபாடு

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையில் இருபத்துநான்கு அவிநய வகைகள் தொகுத்துக் கூறப்படுகின்றன. வெகுண்டோன், ஐயமுற்றோன், உறங்கினோன், நாணமுற்றோன் என விரியும் அப்பட்டியலில் கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், சீதமுற்றோன், வெப்பமுற்றோன், நஞ்சுண்டோன் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். நோயுற்றவனை மேடையில் எவ்வாறு காட்டுவது என்பதற்குத் தமிழ்க் கூத்து மரபு தனித்தனி இலக்கணம் வகுத்திருந்தது என்பதற்கு இது சான்றாகும். இவ்விலக்கணம் அனைத்தும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது. நடிப்பவன் நோயற்றவன் என்பதே அவ்வெடுகோள். நோயற்றவன் நோயை நடிப்பதற்கு இலக்கணம் உண்டு. நோயுற்றவன் நோயின்மையை நடிப்பதற்கு இலக்கணம் இல்லை. அதற்கொரு பெயரும் இல்லை.

இவ்விடுபாடு பழைய உரையோடு நின்றுவிடவில்லை. நடிகர் வரலாறு, நாடக வரலாறு, திரைப்பட ஆய்வு என இன்று தமிழ்த்துறைகளில் நிகழும் ஆய்வுகளிலும் அது தொடர்கிறது. நடிகரின் நாட்பட்ட நோயை அவருடைய வாழ்க்கையின் துயரப் பகுதியாக எழுதுகிறோம். அவருடைய தொழிலின் பகுதியாக எழுதுவதில்லை. நோய் நடிப்பின் சூழல்களுள் ஒன்றாக, மேடை, ஒளி, குரல், ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இணையான ஆய்வுப் பொருளாக, கருதப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. மரபு தரும் சொற்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலுக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கும் களன்களாகின்றன. பிணி இளிவரலின்பாற்பட்டது, உறுதி பெருமிதத்தின்பாற்பட்டது. மெய்ப்பாட்டுக்குரிய பொருள்கள் தன்கண் தோன்றுவதும் பிறன்கண் தோன்றுவதும் உண்டு என்று பேராசிரியர் விளக்குவது இங்கு நோக்கத்தக்கது. அவ்விளக்கத்தின்படி, பிணி காரணமாக ஒருவர் தம்மைத் தாமே தாழ்வாக உணர்வதும், பிறர் பிணியைக் கண்டு காண்போர் அருவருப்பதும் இளிவரலே ஆகும்.

நோயுற்ற நடிகரைப் பற்றி நாம் எழுதும் உரைநடையில் இவ்விரு மெய்ப்பாடுகளைத் தவிர வேறொன்றும் காணக் கிடைப்பதில்லை. ‘நோயால் முடங்கினார்’ என்று எழுதினால் இளிவரல். ‘நோயை எதிர்த்துப் போராடி வென்றார்’ என்று எழுதினால் பெருமிதம். முடங்குவதற்கும் வெல்வதற்கும் இடையில் பல்லாண்டுகள் தொழில் நடந்திருக்கும். மருந்துண்ட நாளிலும் ஒப்பனை இட்டிருப்பார்கள். மூச்சு திணறிய இரவிலும் பாடியிருப்பார்கள். அந்த இடைவெளியைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

அரசுத் திட்டங்களிலும் சங்கங்களின் அறிக்கைகளிலும் பயிலும் ‘நலிந்த கலைஞர்’ என்ற தொடரையும் இத்துடன் இணைத்துக் காண வேண்டும். அத்தொடரில் மூப்பு, வறுமை, நோய் மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. உதவித்தொகை வழங்குவதற்கு அத்தொடர் போதுமானதாகலாம். ஆய்வுக்கு அது போதாது. நலிந்த பின் கலைஞரை அடையாளம் காண்கிறது அத்தொடர். நலிவோடு அவர் நடித்த காலம் அதன் பார்வைக்குள் வருவதில்லை.

2. ஒரு நடிகையின் பன்னிரண்டு ஆண்டுகள்

தம் நோயைத் தாமே பொதுவெளியில் சொல்லி, அதனோடு தொழிலையும் தொடர்ந்த நடிகர்கள் தமிழ்ச் சூழலில் மிகச் சிலரே. அவர்களுள் சமந்தா ரூத் பிரபுவின் பதிவே மிகத் தெளிவானது. அவருடைய உடல்நிலை குறித்து இங்குக் கூறப்படுவன அவரே வெளியிட்ட செய்திகளையும் அக்காலத்து வெளிப்படையான செய்திகளையும் மட்டுமே சார்ந்தவை.

சென்னையில் பிறந்து 2010ஆம் ஆண்டு திரைக்கு வந்த அவர், 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உடல்நலக் குறைவால் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓய்வெடுக்க நேர்ந்தது. அப்போது இரண்டு பெரிய படங்களிலிருந்து அவர் விலகினார். ஒன்று மணிரத்னத்தின் ‘கடல்’. மற்றொன்று ஷங்கரின் ‘ஐ’. முதற்படத்தில் துளசி நாயரும் இரண்டாவதில் எமி ஜாக்சனும் நடித்தனர்.

‘கடல்’ படத்தின் பெரும்பகுதி படமாக்கப்பட்ட மணப்பாடு, இக்கட்டுரையாளர் வளர்ந்த சாகுபுரத்திலிருந்து அதே கடற்கரையில் திருச்செந்தூரைக் கடந்து தெற்கே உள்ளது. 2013 பிப்ரவரியில் வெளியான அப்படத்தை இப்பகுதி மக்கள் தங்கள் கடலைப் பார்க்கும் ஆவலில் பார்த்தார்கள். அக்கடற்கரையில் நிற்க வேண்டிய ஒருவர் நோயினால் நிற்காமற்போனார் என்பதைப் படத்தில் எங்கும் காண முடியாது. இன்மை தடயம் விட்டுச் செல்வதில்லை. நோயின் வரலாற்றை எழுதுவதில் உள்ள முதல் இடர்ப்பாடு இதுவே.

‘ஐ’ படத்தின் செய்தி இன்னும் கூர்மையானது. 2015 சனவரியில் வெளியான அப்படத்தின் நாயகன் உடல் முழுவதும் உருக்குலைக்கும் நோய்க்கு ஆளாக்கப்படுகிறான். அதற்காக நடிகர் விக்ரம் தம் உடலை வருத்தி மெலிந்ததும், நீண்ட நேர ஒப்பனையைத் தாங்கியதும் நடிப்பின் உச்சமாகப் பாராட்டப்பட்டன. அவ்வுழைப்பு பாராட்டுக்குரியதே. ஆனால் ஒரே படத்தின் வரலாற்றில், நோயை நடித்த உடல் புகழ் பெற்றது. நோயுற்ற உடல் வெளியேறியது. அடியார்க்குநல்லார் காட்டும் பட்டியலின் எடுகோள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் மாறவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. நோயை நடிக்கும் மரபுக்கு ‘இரத்தக்கண்ணீ’ரில் எம். ஆர். ராதா ஏற்ற தொழுநோயாளி வேடம் முதலாக நெடிய வரிசை உண்டு. அது குறித்து எழுதியும் இருக்கிறோம். மறுபக்கத்தைப் பற்றி எழுதவில்லை.

2022 அக்டோபர் 29 அன்று தமக்கு மயோசைட்டிஸ் என்னும் தன்னுடல் தாக்குநோய் இருப்பதைச் சமந்தா இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் தசைகளையே தாக்கி அழற்சியை உண்டாக்கும் நோய் அது. தொடை, இடுப்பு, தோள், கழுத்துப் பகுதித் தசைகள் வலுவிழக்கும், படியேறுவதும் கையைத் தலைக்குமேல் தூக்குவதும் கடினமாகும், சோர்வு மிகும். நோய் தணிவதும் மீண்டும் தலைதூக்குவதும் உண்டு. ஆகவே அது ‘வந்து போன’ நோயாக அன்றி நாட்பட்ட நோயாகவே கொள்ளப்படுகிறது.

அவ்வறிவிப்பை ஒரு பனுவலாக வாசிக்கலாம். நோய் தணிந்த பின்னரே சொல்ல எண்ணியதாகவும், தணிவதற்கு எதிர்பார்த்ததைவிட நாளாவதாகவும், எப்போதும் வலிமையான முகத்தையே காட்ட வேண்டியதில்லை என்று உணர்ந்ததாகவும் அவர் எழுதினார். வென்ற பின் சொல்வது பெருமிதம். அந்த வாய்ப்பை நோய் அவருக்குத் தரவில்லை. நோயின் நடுவில் நின்று பேசுவதற்கு மரபு தரும் மொழி இளிவரலே. அதனை அவர் மேற்கொள்ளவில்லை. அறிவிப்புடன் வெளியிட்ட படமும் கருதத்தக்கது. ‘யசோதா’ படத்துக்கான குரல்பதிவுக் கூடத்தில், கையில் சிரைவழி மருந்தேற்றும் குழாயுடன், ஒலிவாங்கியின் முன் அவர் அமர்ந்திருக்கிறார். தொழிற்கருவியும் மருத்துவக் கருவியும் ஒரே சட்டகத்துள் உள்ளன. 2010இல் தெலுங்கில் அவர் அறிமுகமான படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. உடல் நலமாக இருந்தபோது குரல் பிறருடையது. உடல் நலிந்தபோது குரல் அவருடையது. படத்தில் அவர் ஏற்ற பாத்திரமோ சண்டையிட்டுத் தப்பும் வலிய உடலுடையது. அவ்வுடலுக்கு அமர்ந்தபடி குரல் தந்தவர் நோயாளி. நோயுடன் நடித்தல் என்று இக்கட்டுரை சுட்டுவது இதனையே.

பின்னர் நிகழ்ந்தவை தொழிலின் அமைப்பைக் காட்டுகின்றன. ‘குஷி’ படப்பிடிப்பு அவர் உடல்நிலையால் தடைப்பட்டது. 2023இன் தொடக்கத்தில், உடன் நடித்த விஜய் தேவரகொண்டாவின் ரசிகர்களிடம் அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நோயுற்றதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நிலை வேறு எத்தொழிலில் இவ்வளவு இயல்பாக ஏற்கப்படுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. ‘சிட்டாடல்: ஹனி பனி’ தொடருக்குத் தம்மால் இயலாது என்று கருதி, வேறு நடிகையரின் பெயர்களைத் தாமே பரிந்துரைத்ததாகவும், படைப்பாளர்கள் அதை ஏற்காமல் காத்திருந்ததாகவும் அவர் 2024இல் கூறினார். 2012இல் இரு படங்கள் அவரின்றி முன்சென்றன. பதினோர் ஆண்டுகள் கழித்து ஒரு தொடர் அவருக்காக நின்றது. மாறியது நோய் மட்டுமன்று. அவருடைய தொழில்நிலையும் மாறியிருந்தது. நோயுற்ற நடிகர் தொடர்வதா விலகுவதா என்பதை நோய் மட்டுமே முடிவு செய்வதில்லை. காத்திருக்க யார் முன்வருகிறார் என்பதும் முடிவு செய்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என நான்கு உறுப்புகளைக் கூறும். நடிப்புத் தொழிலில் ஐந்தாவது உறுப்பு ஒன்று உண்டு. அது வேலை தருபவர்.

3. அதே கரையில் ஒரு நூற்றாண்டுக்கு முன்

இவ்வைந்தாம் உறுப்பு இல்லாத, அல்லது தாமே அவ்வுறுப்பாக இருந்த ஒருவரின் நிலையும் எண்ணத்தக்கது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, இருபத்துநான்காம் வயதில் நாடகத்துக்கு வந்தவர். இரணியன், இராவணன், எமதருமன் முதலிய வேடங்களில் நடித்தார். ஆசிரியராகவும் நாடகாசிரியராகவும் உயர்ந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது, பேச்சு போயிற்று. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி நூலுக்கு நூல் திரும்பச் சொல்லப்படுகிறது. பேச்சிழந்து வாழ்ந்த காலத்துக்கோ ஓரிரு தொடர்களே கிடைக்கின்றன. முன்னது பெருமிதம் என்பதால் விரிந்தது. பின்னது இளிவரல் என்பதால் சுருங்கியது. ஆனால் ஆய்வாளருக்கு இரண்டாவதே அதிக வினாக்களைத் தர வேண்டும். பால சபையின் கல்வி வாய்மொழிக் கல்வி. வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைச் சிறுவர்கள் பாடம் செய்தார்கள். வாத்தியாரே பேச்சிழந்தபோது பாடம் எவ்வழியில் சென்றது? மூத்த மாணவர்களின் நினைவு மூலமாகவா, கையெழுத்துப் படிகள் மூலமாகவா? சுவாமிகளின் நாடகங்களுக்கு இன்று வழங்கும் பாட வேறுபாடுகளில் எவையேனும் அக்காலத்தில் தோன்றியவையா? இவற்றுக்கு விடை கூற இக்கட்டுரை முனையவில்லை. நோயைத் தொழிலின் பகுதியாகக் கருதினால்தான் இவ்வினாக்களே எழும் என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

4. அறிவிக்க இயலாதவர்கள்

புகழ்பெற்ற நடிகை தம் நோயை அறிவிக்கலாம். சபைத் தலைவரின் நோய் வரலாற்றில் ஒரு வரியேனும் பெறும். இவ்விரண்டும் இல்லாத நடிகர்களே மிகுதி. சுவாமிகளின் நாடகங்களை இன்றளவும் கோயில் கொடைகளில் நடித்துவரும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் அத்தகையோர். இந்நாடகத்தில் நிலையான குழு இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தமாகி அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள், விடியும்வரை நடிக்கிறார்கள். இக்கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவை சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துரைத்துள்ளது. நோய் அவ்விழிவின்மேல் ஏறும் இன்னொரு சுமை. இழுப்பு நோய் உள்ளவர் என்று தெரிந்தால் அடுத்த கொடைக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். ஆகவே நோயை மறைப்பதும் நடிப்பின் பகுதியாகிறது.

என் தாய்மாமா பகலில் உப்பளத்திலும் கொடைக் காலத்தில் மேடையிலும் வேலை பார்த்தவர். ‘வள்ளி திருமண’த்தில் ராஜபார்ட் ஏற்பவர் வேலனாகவும் விருத்தனாகவும் வர வேண்டும். அவருக்கு இளமையிலிருந்தே ஈளை உண்டு. அவருடைய தோள் உயர்வதைக் கண்டதும் ஆர்மோனியக்காரர் சுரத்தை நீட்டி அவருக்கு மூச்சு வாங்க இடம் தருவார். அது இருவருக்கும் இடையிலான சொல்லப்படாத உடன்பாடு. விருத்தன் காட்சியில், தினைமாவைத் தின்று விக்கி இருமும் கிழவனுக்குக் கூட்டம் கைதட்டும். அவ்விருமலில் பாதி உண்மை என்பது மேடையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

முனைவர் பட்ட ஆய்வுக்கான களப்பணியில் முதல் நேர்காணலை அவரிடமே நிகழ்த்தினேன். எந்த வேடம் கடினம் என்ற வழக்கமான வினாவுக்கு அவர் தந்த விடை: “கெழவன் வேசம் லேசு மருமவனே. வேலனா நிமுந்து நிக்கதுதான் பாடு.”

இலக்கண நூல்கள் இதனை மாற்றியே எதிர்பார்க்கும். முதுமையையும் நோயையும் நடிப்பதே அரிது, இளமையை நடிப்பது எளிது என்பதே பொதுக் கருத்து. நோயுற்ற நடிகருக்கு நோய்வேடம் ஓய்வு. நலம்பெற்றவன் வேடமே உழைப்பு. நடிப்புக் கோட்பாட்டில் இடம்பெற வேண்டிய கருத்து இது. அவர் அதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை, அனுபவமாகச் சொன்னார்.

ஓர் ஆண்டிலிருந்து நாடக நோட்டீஸ்களில் அவர் பெயர் இல்லை. நோட்டீஸ்களைக் கொண்டு நடிகர் வரலாற்றைத் தொகுக்கும் ஆய்வாளர் அவ்விடத்தில் ‘மேடையிலிருந்து விலகினார்’ என்று எழுதக்கூடும். ஏன் விலகினார் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதுமில்லை. ‘கடல்’ படத்தில் நடிக்காதவரைப் படத்தில் காண முடியாதது போலவே, நோட்டீஸில் இல்லாதவரின் மூச்சிரைப்பையும் நோட்டீஸில் காண முடியாது. முன்னவர் பின்னர்த் தாமே பேசினார். பின்னவரிடம் நாம் சென்று கேட்டாலன்றி அச்செய்தி கிடைக்காது.

5. மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, நோய் தனிப்பட்டது. அதை ஆய்வுப் பொருளாக்குவது அத்துமீறல் என்பது. இம்மறுப்பு மதிக்கத்தக்கது. எனவேதான், பொது வாழ்வில் உள்ளவர் தாமே சொன்னதற்கு அப்பால் ஊகம் செல்லக் கூடாது. களத்தில் கேட்டறிவதை இசைவின்றி, பெயருடன் வெளியிடக் கூடாது. சாவித்திரி கோமா நிலையில் பத்தொன்பது மாதங்கள் கிடந்து 1981இல் மறைந்தார். அவர் தம் நோயைப் பற்றிப் பேச இயலாத நிலையில், பிறர் பேசியதே வரலாறாயிற்று. அது பெரும்பாலும் வீழ்ச்சிக் கதையாகவே அமைந்தது. அக்கதையைத் தேடிச் செல்லும் இதழாளராக ‘நடிகையர் திலகம்’ படத்தில் நடித்தவர் சமந்தா என்பது தற்செயலே. எனினும் நோயுற்றவரைப் பற்றிப் பிறர் பேசுவதற்கும் நோயுற்றவரே பேசுவதற்கும் உள்ள தொலைவை அத்தற்செயல் காட்டுகிறது. கேட்காமல் விடுவது எப்போதும் மரியாதை ஆகாது.

இரண்டாவது, நடிப்பை நடிப்பாகவே மதிப்பிட வேண்டும். நோயைச் சொல்லிச் சலுகை கோரக் கூடாது என்பது. இங்குக் கோரப்படுவது சலுகை அன்று. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கின் அளவைச் சொன்ன இளங்கோவடிகள், தூணின் நிழல் விழாதவாறு விளக்கு அமைத்ததையும் சொன்னார். அவை மாதவியின் ஆடலுக்குச் சலுகை அல்ல. ஆடல் நிகழ்ந்த சூழல். ஒளியும் மேடையும் சூழலாகுமெனில் தசையும் மூச்சும் சூழலாகும்.

6. முடிவாக

மூன்று செயல்களை முன்மொழியலாம். ஒன்று, கலைஞர் நேர்காணலுக்கான வினாநிரலில் உடல் குறித்த வினாக்கள் இடம்பெற வேண்டும். எந்தக் காட்சி மூச்சை வாங்குகிறது, எதைச் சுருக்கினீர்கள், உடன் நடிப்போர் எவ்வாறு ஈடுசெய்தார்கள் என்று கேட்கலாம். இரண்டு, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கையெழுத்துப் படி ஆகியவற்றில் காணும் இடைவெளிகளையும் குறைப்புகளையும் சான்றுகளாகக் கருதி அவற்றின் காரணத்தைத் தேட வேண்டும். மூன்று, ‘நலிந்த கலைஞர்’ என்ற பொதுச் சொல்லை ஆய்வுரையில் தவிர்த்து, மூப்பா, வறுமையா, நோயா என்று பிரித்து எழுத வேண்டும்.

இவை புதிய கோட்பாட்டைக் கோருவன அல்ல. புதிதாகச் சில வினாக்களைக் கேட்பதையே கோருவன. ஸ்பெஷல் நாடகத்தின் மூத்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய பாடல்களைப் பதிவு செய்ய நாம் விரைகிறோம். பாடலின் நடுவே அவர்கள் எங்கே மூச்சு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. பின்னர் அதைக் கேட்டறிய ஆள் இருக்கமாட்டார்கள்.